நாலு தோளில் கடைசித் தோள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று குடையாதீர்கள். சொல்கிற எனக்கே தெரியாது. ஒருநாள் அவருடைய பிரதானி நல்லமுத்து கோயில் மணியைக் காட்டி, "மகாராஜா, இதன் வடிவத்தைப் பாருங்கள். நடுவில் மேடு, இரண்டு ஓரமும் சரிவு. மனிதர்களும் அப்படித்தான். நடுத்தரம் நிறைய, ஓர் ஓரத்தில் சிலர் உசத்தி, மறு ஓரத்தில் சிலர் மட்டம். ஒவ்வொரு பிரிவிலும் உசத்திக்குப் பட்டு கொடுப்போம், மட்டத்தை வெளியே அனுப்புவோம்" என்றார். ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. அன்றே அது சட்டம்.

ஆயிரம் பேர் இருந்த படையில் நூறு பேர் போனார்கள். காவலில் குறட்டை விட்டவர்களும் அதில் உண்டு என்பதால் யாரும் பெரிதாக அழவில்லை. மந்திரிகள் ஐந்து பேர். பிரதானி தன்னை உசத்தி என்றும், ஊருக்குப் போயிருந்த ஒருவரை மட்டம் என்றும் தன் கையாலேயே எழுதினார். கடைசியில் சட்டம் ராஜாவின் பல்லக்கைத் தூக்கும் நாலு பேரிடம் வந்து நின்றது.

அவர்களில் மட்டம் யார் என்று சொல்லும் வேலையை அவை விகடர் சாத்தப்பன் தலையில் கட்டினார் பிரதானி. சாத்தப்பன் அந்த நால்வரோடு உட்கார்ந்து கூழ் குடிக்கிறவர். வெள்ளிக்கிழமைக்குள் பேர் சொல்லாவிட்டால் அவரே வெளியே.

"என் பேரைச் சொல்லிருங்க சாமி," என்றார் பல்லக்குக் கொட்டகையில் சடையாண்டி. நால்வரில் மூத்தவர், வலது முழங்கால் மடங்காது. "நொண்டி நான்தானே."

"அவரு கால் விழுற மாதிரிதான் நாங்க மூணு பேரும் கால் வைக்கிறோம்," என்றான் இருளப்பன். "பதினோரு வருசப் பழக்கம். அவரு போனா எங்க கால் எங்களுக்கே மறந்துபோகும்."

"குடிசையும் அரண்மனையோடதாச்சே. எங்க போவீரு?" என்று சடையாண்டியைக் கேட்டார் சாத்தப்பன்.

"மகளுக்கு இது பேறுகால மாசம். அது முடியட்டும் சாமி, அப்புறம் எங்கயாவது."

சாத்தப்பன் தலையை ஆட்டினார். "கண்டதையும் பேசித்தான் இந்த வாய் சோறு தின்னுது. இதை மட்டும் பேசாது."

வெள்ளிக்கிழமை அரண்மனை வாசலில் பல்லக்கு வந்து நின்றது.

"மகாராஜா, யார் மட்டம் என்று என் மட்டி மூளைக்கு எட்டவில்லை," என்றார் சாத்தப்பன். "உசத்தியான ஒருவர் பக்கத்தில் நின்று தூக்கினால் தெரிந்துவிடும். பிரதானியார் தம்மை உசத்தி என்று எழுதியிருக்கிறார். சற்று நேரம் சடையாண்டியின் இடத்தில் தோள் கொடுக்கட்டுமே."

ராஜாவுக்கு வேடிக்கை பார்க்க ஆசை. பிரதானி தோள் கொடுக்க, ஏறி உட்கார்ந்தார். பத்து எட்டு போவதற்குள் கிரீடம் மூக்குவரை இறங்கிவிட்டது.

"நிறுத்துங்கள்."

"மகாராஜா, இவர்கள் ஏதோ தினுசாக நடக்கிறார்கள்," என்று மூச்சு வாங்கினார் பிரதானி. "நடை பிடிபட ஆறு மாதமாவது வேண்டும்."

"இப்போது பேர் சொல்லலாம், மகாராஜா," என்றார் சாத்தப்பன். "இந்த நால்வரில் மட்டம் பிரதானியார். வெளியே அனுப்பிவிடட்டுமா?"

ராஜா சிரிக்கவில்லை. "பரிகாசம் போதும், விகடரே. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்."

"ஆயிரம் பேரில் நூறு சோம்பேறிகள் இருக்கலாம், மகாராஜா. நாலு பேரில் ஒருவன் இருந்தே ஆகவேண்டும் என்று எந்த மணி அடித்தது? என்னை அனுப்புங்கள், போகிறேன். இவர்கள் பேரைச் சொல்லமாட்டேன். சடையாண்டி தூக்கட்டும். ஒரு சுற்று போய்வந்து தாங்களே சொல்லுங்கள்."

சடையாண்டி தோள் கொடுத்தார். தெருமுனை திரும்பும் முன் பல்லக்குக்குள் குறட்டை கேட்டது. திரும்பி வந்து இறக்கியதும் சாத்தப்பன் குனிந்து, "எந்தத் தோள் மட்டம், மகாராஜா?" என்றார்.

ராஜா கண்ணைக் கசக்கினார். "தோளா? பல்லக்கில் ஏறியதே எனக்கு ஞாபகம் இல்லையே," என்றவர், தான் சொன்னது தன் காதில் விழுந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

சட்டம் அன்றோடு போயிற்று. பிரதானி தோள் வீங்கி மூன்று நாள் அவைக்கு வரவில்லை. சாத்தப்பனுக்கு ராஜா பட்டுச் சால்வை போர்த்தினார்.

"விகடப் பிரிவில் நான் ஒருவன்தான், மகாராஜா. உசத்தியும் நானே, மட்டமும் நானே. எனக்கெதற்குப் பட்டு?" என்று அதை அங்கேயே நாலாகக் கிழித்து, நாலு தோளுக்கும் மெத்தையாக மடித்துக் கொடுத்தார் சாத்தப்பன்.

"சடையாண்டியின் துண்டு மட்டும் பெரிதாக இருக்கிறதே," என்றார் ராஜா.

"மற்ற மூன்று பேரும்தான் அப்படிக் கிழிக்கச் சொன்னார்கள், மகாராஜா."