செருப்புக்கு ஒரு வழக்கு

“வெட்டி வழக்கால நாடே நாறிப்போச்சு சாமி” என்றார் சிங்காரவேலு.

கோயில் வாசலில் செருப்புக் காப்பகத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர். சாமியின் சீடர். கோபம் வந்தால் உட்காரவும் மறந்துவிடுவார்.

“என்ன வழக்கு?”

“எங்க காப்பகத்துல செருப்பு தொலைஞ்சுதுன்னு ஒரு அம்மா கோர்ட்டுக்குப் போயிருக்கு. சொர்ணத்தம்மாள்னு பேரு. பழைய ரப்பர் செருப்பு சாமி! புதுசா ஒரு ஜோடி வாங்கித் தர்றேன்னு வக்கீல்கிட்ட சொல்லியனுப்பினேன். கோர்ட்டே சிரிச்சுதாம்.”

“வேற யார் மேல இப்படி வழக்கு?”

“எல்லார் மேலயும்தான். பூக்கடை, தேங்காய்க்கடை, எங்க போனாலும் இதே பேச்சு.”

“அவங்க மேல என்ன வழக்கு?”

சிங்காரவேலு யோசித்தார்.

“அவங்களும் என் வழக்கைத்தான் சொல்றாங்க.”

“மனுவைப் படிச்சியா?”

“முதல் வரியிலயே சிரிப்பு வந்துடுச்சு. வக்கீல்கிட்ட தூக்கிக் கொடுத்துட்டேன். நாளைக்குத் தீர்ப்பு. தள்ளுபடியாகணும்னு ஆசீர்வாதம் பண்ணுங்க.”

சாமி கையை உயர்த்தவில்லை. எழுந்தார். வாசலில் கிடந்த சிங்காரவேலுவின் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் நடந்தார்.

சிங்காரவேலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஐயோ சாமி! என் செருப்பை நீங்க தொடலாமா?”

பின்னாலேயே ஓடினார். தார்ச்சாலையில் கால் பட்டதும் துள்ளினார். அலறியடித்துக்கொண்டு ஓரத்துப் புங்கமர நிழலுக்குப் பாய்ந்தார்.

“சுடுது சாமி!”

சாமி நின்றார்.

“உனக்குச் சுட்டுது. நிழலுக்கு ஓடிட்ட. அந்தம்மாவுக்குச் சுடலை.”

“புரியலையே சாமி.”

“சர்க்கரை வியாதி. கால் மரத்துப்போய் ரொம்ப நாளாச்சு. ஆஸ்பத்திரியில அளவெடுத்துத் தச்சுக் கொடுத்த செருப்பு அது. அது இல்லாம, இதே வெயில்ல, வீடு வரைக்கும் நடந்திருக்காங்க. வீட்டுத் தரையில ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. விஷயம் கேள்விப்பட்டு நேத்தே போய்ப் பார்த்துட்டு வந்தேன்.”

சிங்காரவேலு தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்.

“இப்ப... இப்ப எப்படி இருக்காங்க?”

சாமி செருப்புகளை அவர் காலடியில் வைத்தார். பிறகு, குனிந்தபடியே ஒன்றை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“ஒரு ஜோடி வாங்கித் தர்றேன்னியே. இனி அவங்களுக்கு ஒண்ணு போதும்.”