நூற்றுப் பத்தாம் பக்கம்

உலகநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஒரு குரு கிடைத்தார். குருவுக்கு வயது நாற்பத்து மூன்று.

பாளையங்கோட்டையில் தொழில்நூல்கள் மட்டும் வெளியிடும் ஒரு சின்னப் பதிப்பகம். கிணற்று மோட்டார் பழுதுபார்ப்பவர், மாட்டு மருத்துவருக்கு உதவியாளர், லிஃப்ட் மெக்கானிக், கான்கிரீட் பரிசோதிப்பவர் என்று அவரவர் வேலைக்கு அவரவர் மொழியில் ஒரு நூல். அறுபதுக்கும் மேற்பட்ட அந்த நூல்களைச் செம்மை செய்தவர் சபுரா பீவி. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைத்தார்கள்.

உலகநாதன் கல்லூரியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. பதிப்பகத்துக்கு வந்து, "இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுங்கள்" என்று கேட்டார்.

டீச்சர் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான்.

ஆறு மாதத்தில் உலகநாதன் ஒற்றுப்பிழை பார்த்தார், படங்களின் எண்களைச் சரிபார்த்தார், அட்டவணைகளைக் கூட்டிப் பார்த்தார். ஒன்றை மட்டும் செய்யவில்லை. நூலாசிரியர் யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஒருநாள் டீச்சரிடம் கேட்டார். "லிஃப்டைப் பத்தி உங்களுக்கு என்ன டீச்சர் தெரியும்?"

"ஏறி இறங்கத் தெரியும்."

"அப்போ லிஃப்ட் புத்தகத்தை எப்படித் திருத்தினீங்க?"

டீச்சர் சிரித்தார். ஃபோனை எடுத்து ஒரு நூலாசிரியரை அழைத்தார். "சார், முப்பதாம் பக்கம் எனக்கு விளங்கலை" என்றார். மறுமுனையிலிருந்து வந்த சலிப்புக் குரல் உலகநாதனின் காதிலும் விழுந்தது. டீச்சர் அதைச் சட்டை செய்யாமல், "ம்... ம்..." என்று குறித்துக்கொண்டிருந்தார்.

உலகநாதனுக்குக் கூச்சமாக இருந்தது. வகுப்பில் பையன்கள் "புரியவில்லை சார்" என்றபோதெல்லாம் தாம் எப்படிப் பார்த்தோம் என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

அந்த ஆண்டு ஆடி மாதம் ஒரு பாய்லர் நூல் அச்சுக்குத் தயாரானது. எழுதியவர் மாசிலாமணி. தூத்துக்குடி ஆலை ஒன்றில் நாற்பது ஆண்டுகள் பாய்லர் பக்கம் நின்றவர். கோபக்காரர் என்று பெயர். திங்கட்கிழமை மதுரையில் நூற்றைம்பது புதிய பாய்லர் ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி தொடங்குகிறது. அவர்கள் கையில் கொடுக்கப் போகிற நூல் அதுதான்.

கடைசி மெய்ப்பைப் பார்த்தவர் உலகநாதன். எல்லாப் பக்கத்திலும் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வியாழன் மாலை சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு டீச்சரின் மேசை முன்னால் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன சார்?"

"நூற்றுப் பத்தாம் பக்கம். ஒரு வரி."

"சொல்லுங்க."

"'நீர்மட்டக் கண்ணாடிக் குழாய் நிரம்பி இருப்பதும் காலியாக இருப்பதும் ஒன்றே.' இப்படிப் போட்டிருக்கு. அது எப்படி ஒண்ணாகும்? பாய்லருக்குள்ள தண்ணி எவ்வளவு இருக்குன்னு வெளியில காட்டுறதுக்குத்தானே அந்தக் குழாய்? ஏதோ ஒரு சொல் விட்டுப்போயிருக்கணும்."

"எப்போ பட்டுது உங்களுக்கு?"

உலகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "போன வாரமே."

"ஏன் கேக்கலை?"

"நாற்பது வருஷம் பாய்லர் பார்த்தவர். எழுதினது அவர். நான் இயற்பியல்ல எம்.எஸ்சி. எனக்குப் புரியலைன்னு அவர்கிட்ட எப்படிப் போய்ச் சொல்ல?"

டீச்சர் திட்டவில்லை. அச்சகத்தை அழைத்தார். அங்கே பதினாறு பக்கத்துக்கு ஒரு ஃபாரம் என்று முதல் ஆறு ஃபாரம் ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுப் பத்தாம் பக்கம் ஏழாவது ஃபாரத்தில். "ஏழாவதை மட்டும் நிறுத்தி வைங்க" என்றார்.

"நாலு மணி வரைக்கும்தான்மா நிறுத்த முடியும். அப்புறம் மெஷின் காலண்டர் வேலைக்குப் போயிரும். பதினஞ்சு நாள் கிடைக்காது."

"நாலு மணிக்குள்ள சொல்றேன்" என்று வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க சார், தூத்துக்குடி பஸ்ஸைப் பிடிப்போம்."

"ஃபோன்ல கேட்டா போதாதா?"

"அவருக்குக் காது கேக்காது. நாற்பது வருஷம் பாய்லர் இரைச்சல். நேர்லதான் பேசணும்."

பேருந்தில் உலகநாதன் மெய்ப்பின் நகலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். தூத்துக்குடியில் இறங்கி, டவுன் பஸ் மாறி, வீட்டை விசாரித்துப் போய்ச் சேர்வதற்குள் மணி ஒன்று ஆகிவிட்டது.

மாசிலாமணி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஆள் நெடுநெடுவென்று உயரம். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். "என்னம்மா, புத்தகம் வந்துட்டா?" அவர் சாதாரணமாகப் பேசுவதே தெருமுனைக்குக் கேட்டது.

டீச்சர் உலகநாதனைப் பார்த்தார். "நீங்களே கேளுங்க."

உலகநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நூற்றுப் பத்தாம் பக்கம் கொஞ்சம் புரியலை."

"என்னது?"

"புரியலை."

"சத்தமா சொல்லும்வே!"

எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். உலகநாதனின் காது மடல்கள் சிவந்தன. டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் புரியலை!" என்று கத்தினார் உலகநாதன்.

முப்பத்து மூன்று ஆண்டுகளில் அவர் இவ்வளவு உரக்க எதையும் சொன்னதில்லை.

மாசிலாமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மெய்ப்பை வாங்கி அந்த வரியைப் பார்த்தார். "இதுல என்னவே புரியலை? கேஜ் கிளாசை, அதான் இந்தக் கண்ணாடிக் குழாயை, கண்ணால பார்த்திருக்கீரா?"

"இல்லை."

"அப்போ எதுக்குத் திருத்த வந்தீரு?"

விறுவிறுவென்று உள்ளே போனார். உலகநாதனுக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. மாசிலாமணி ஒரு முழ நீளக் கண்ணாடிக் குழாயோடு வெளியே வந்தார். கீழ்முனையையும் மேல்முனையையும் கட்டைவிரல்களால் அடைத்துப் பிடித்திருந்தார்.

"பத்தடி தள்ளி நில்லும். இதுல தண்ணி இருக்கா, இல்லையா?"

உலகநாதன் பார்த்தார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. குழாய்க்குள் எங்கேயும் ஒரு கோடு தெரியவில்லை. தலையை ஆட்டினார்.

"இல்லை."

மாசிலாமணி மேல்விரலை எடுத்துவிட்டுக் குழாயைச் சாய்த்தார். தண்ணீர் கொட்டியது.

"பாதி இருந்தா மட்டம் தெரியும். நிரம்பி இருந்தா மட்டம் எங்க தெரியும்? ஒண்ணுமே இல்லைன்னாலும் மட்டம் தெரியாது. பாய்லர் ரூமுல புகையும் சூடும் வேற. கண்ணு ரெண்டையும் ஒண்ணாத்தான் காட்டும். கண்ணாடிக்குக் கீழே இருக்கிற வடிகுழாயைத் திறந்து, தண்ணி வருதான்னு பார்த்தாத்தான் உண்மை. அதைத்தான் எழுதியிருக்கேன்."

உலகநாதனுக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. வரி சரிதான். ஒரு சொல்லும் விட்டுப்போகவில்லை. இதற்காகவா அச்சு இயந்திரத்தை நிறுத்தி, டீச்சரை வெயிலில் இழுத்து வந்தோம்?

"மன்னிச்சுக்கோங்க. வரி சரியாத்தான் இருக்கு. என் மேலதான் தப்பு" என்று உரக்கச் சொன்னார்.

"தப்பு கிடக்கட்டும். எதுக்கு அதை எழுதினேன்னு தெரிய வேண்டாமா? இதைக் கேளும்." கோபம் தணிந்து, சொல்லிக்கொடுக்கும் ஆசை வந்துவிட்டது அவருக்கு. மெய்ப்பைத் தூக்கிப் பிடித்து அடுத்த பத்தியை உரக்கப் படித்தார். "குழாயைத் திறந்து பார்த்து, பாய்லரில் தண்ணீர் இல்லை என்று உறுதியானால், உடனே தண்ணீர் பம்பை இயக்கவும். அதன் பிறகு தீயை..."

நின்றுவிட்டார்.

இன்னொரு முறை படித்தார். இந்த முறை சத்தம் வரவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன சார்?" என்று டீச்சர் அவர் காதருகே குனிந்து கேட்டார்.

"இப்படி எழுதக் கூடாதும்மா." அந்தப் பெரிய குரல் காணாமல் போயிருந்தது. "தண்ணி குறைஞ்சா பம்பைப் போடணும். தண்ணியே இல்லைன்னா பம்பைத் தொடவே கூடாது. தீயை அணைச்சிட்டு ஆற விடணும். காய்ஞ்ச தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சா எப்படிச் சீறும்? இவ்வளவு பெரிய இரும்பு, பழுக்கக் காய்ஞ்சு கிடக்கு. அதுல தண்ணியை விட்டா... ரூமே இருக்காது."

மாசிலாமணி மெய்ப்பை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எங்க ஆலையிலே ஒருத்தர் அப்படித்தான் போனாரு. அன்னைக்கு எனக்கு லீவு."

உள்ளே போய்த் தம் கைப்பிரதியை எடுத்து வந்தார். யார் செய்த பிழை என்று பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு. அச்சுக்கோத்தவர் செய்த பிழையாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கைப்பிரதியிலும் அப்படித்தான் இருந்தது. தண்ணீர் குறைந்தால் செய்ய வேண்டியது, தண்ணீரே இல்லாவிட்டால் செய்ய வேண்டியது, இரண்டும் இடம் மாறிக் கிடந்தன. அவருடைய அழகான, சாய்ந்த கையெழுத்தில்.

"ஏழு தடவை படிச்சேம்மா இதை. ஏழு தடவை." நெற்றியில் அடித்துக்கொண்டார். "எழுதியிருந்ததை எங்க படிச்சேன்? எனக்குத் தெரிஞ்சதையில்லா படிச்சிருக்கேன்."

"நானும் ஒரு தடவை படிச்சேன். எனக்கும் படலை" என்றார் டீச்சர்.

மணி இரண்டேகால். டீச்சர் முற்றத்துக்குப் போய் அலுவலகத்துக்குப் பேசினார். திருத்தத்தைச் சொல் சொல்லாகச் சொன்னார். திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். திருத்திய பக்கம் ஃபோனுக்கு வந்ததும் மாசிலாமணியிடம் நீட்டினார். அவர் ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்து, எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி படித்தார். பிறகு டீச்சர் படித்தார். பிறகு உலகநாதன். அதன் பிறகே பக்கம் அச்சகத்துக்குப் போனது.

மூன்று பத்துக்கு அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது. "ஏழாவது ஏத்தியாச்சும்மா. ஓடுது."

மாசிலாமணி எழுந்து வந்து உலகநாதனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சாப்பிட்டுத்தான் போகணும் சார்" என்றார். கொஞ்ச நேரம் முன்னால்வரை வார்த்தைக்கு வார்த்தை 'வே' போட்டு விரட்டியவர்.

பசி அப்போதுதான் உலகநாதனுக்குத் தெரிந்தது. சூடான சோறும் நெத்திலிக் குழம்பும். காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை. மூன்றாம் முறை சோறு கேட்டு வாங்கினார். மாசிலாமணி தம் கையாலேயே அவருக்குக் குழம்பை ஊற்றிக்கொண்டே, ஆலையில் நடந்த வேடிக்கைக் கதைகளைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

திரும்பும் பேருந்தில் காற்று ஈரமாக வீசியது. உலகநாதன் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். அந்த வரி புரியாததுல எனக்கு வெட்கம். அதனால அடுத்த பத்தியை நான் படிக்கவே இல்லை. கண்ணை ஓட்டிட்டு 'சரி' போட்டுட்டேன். படிச்சிருந்தா எனக்கே பட்டிருக்கும். காய்ஞ்ச இரும்புல தண்ணி பட்டா என்ன ஆகும்னு வகுப்புல எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்."

டீச்சர் தலையசைத்தார்.

"என் சந்தேகம் தப்பு. அவர் வரி சரி."

"ஆமா, சரிதான்."

"சந்தேகம் தப்புன்னு முதல்லயே தெரிஞ்சிருந்தா, நாம வந்திருக்கவே மாட்டோமே."

டீச்சர் பையைத் திறந்து ஒரு கைப்பிரதிக் கட்டை எடுத்து அவர் மடியில் வைத்தார். பல் செட் செய்யும் டெக்னீஷியன்களுக்கான நூல். முந்நூறு பக்கம் இருக்கும்.

உலகநாதன் மேலட்டையைப் பார்த்தார். "இதைப் பத்தி எனக்கு அ, ஆ கூடத் தெரியாது டீச்சர். இந்தத் துறையில நாலு நல்ல புத்தகம் சொல்லுங்க. முதல்ல அதைப் படிச்சிட்டு இதை எடுக்கிறேன்."

"வேண்டாம். இதையே படிங்க."

"எது வரைக்கும்?"

"உங்களுக்குப் புரியாத முதல் வரி வரைக்கும்."