பச்சை விளக்கும் நாற்பதாவது புள்ளியும்

ஒரு குடத்தை நான்கு பேர் மாறி மாறி நிரப்பினார்கள். நடுவில் ஒருத்தி பாதியைக் கொட்டிவிட்டாள். ஆனாலும் எப்படியோ குடம் நிரம்பிவிட்டது. இப்போது பக்கத்தில் இன்னொரு சின்னக் குடம், வெறுங்குடம். அதை ஒரே ஒருத்திதான் நிரப்ப வேண்டும். யாரை அனுப்புவீர்கள், பிள்ளைகளே? அவசரப்பட்டு வாயைத் திறக்காதீர்கள். முதலில் கதையைக் கேளுங்கள்.

கொட்டியவள் பெயர் மெர்லின். தூத்துக்குடிச் சிறுமியர் பூப்பந்து அணிக்குத் தலைவி, வயது பதினான்கு. மலேசியாவில் ஈப்போ நகரத்து விளையாட்டரங்கில், கணுக்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, பெஞ்சில் உட்காரவும் முடியாமல் எழுந்து நிற்கவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

பழைய முறையாக இருந்தால் இந்தத் தவிப்பு இல்லை. அதில் அவரவர் ஆட்டம் அவரவருக்கு. தோற்றால் அந்தத் தோல்வி தோற்றவளோடு போய்விடும். பல நாட்டு அணிகள் வந்திருந்த இந்தப் போட்டியிலோ புது முறை. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. ஏதாவது ஓர் அணி பத்துப் புள்ளியைத் தொட்டதும் முதல் ஆட்டக்காரி வெளியே வருவாள். இரண்டாமவள் அதே கணக்கை வாங்கிக்கொண்டு இருபது வரை ஆடுவாள். மூன்றாமவள் முப்பது வரை, கடைசி ஆள் நாற்பது வரை. ஆள் மாறும்போதும் சுற்று முடியும்போதும் எந்த அணி முன்னால் இருக்கிறதோ அதன் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரியும்.

அரையிறுதியில் எதிரே ஜகார்த்தா அணி. அங்கே நால்வரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல. ஒருத்திக்கு ஒருத்தி சளைத்தவள் இல்லை. முதல் சுற்றைத் தூத்துக்குடி தோற்றது.

இரண்டாவது சுற்றில் முதலில் இறங்கியவள் ஜெனோவா. 10–8 என்று முந்திக்கொண்டு வெளியே வந்தாள். பச்சை விளக்கு இவர்கள் பக்கம் எரிந்தது.

அடுத்து மெர்லின். இரண்டு புள்ளி எடுத்தாள், கால் பிசகியது. அதற்கப்புறம் பந்து விழுந்த இடத்துக்கெல்லாம் ஓர் அடி தாமதமாகவே போய்ச் சேர்ந்தாள். 12–20. விளக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

மூன்றாவதாக இசக்கி. பேசாத பெண். ஆடி முடித்தபோது கணக்கு 29–30. விளக்கு அந்தப் பக்கமேதான் எரிந்தது. அதைப் பார்த்ததும் அவள் துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியாக ரிஸ்வானா. 40–38. நாற்பதாவது புள்ளிக்கு அவள் ஓங்கி அடித்த அடியில் அரங்கமே எழுந்து நின்றது. பச்சை விளக்கு இவர்கள் பக்கம் திரும்பியது.

அணிக்கொரு சுற்று ஆயிற்று. இனி ஒரே ஒரு குட்டி ஆட்டம். அணிக்கு ஒருத்தி, பூஜ்யத்தில் தொடங்கிப் பதினொன்று வரை. வென்ற அணிக்கு இறுதிப் போட்டி, தோற்ற அணிக்கு ஊர்ப் பயணம். யார் ஆடுவது என்பதைத் தலைவி தன் வாயால் நடுவரிடம் சொல்ல வேண்டும். அவர் மணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டும். மெர்லினின் காலுக்கு இனி ஆட்டமில்லை. சொல்வது மட்டும்தான் அவளுக்கு மிச்சம். ஒருதரம் கொட்டியாகிவிட்டது. இன்னொரு தரமும் தன்னாலேயே கொட்டிவிட்டால்?

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் ரிஸ்வானா. மட்டையைக் கீழே வைக்கவே இல்லை அவள். "முடிச்சு வச்சது நாந்தான்லா?"

"ஏட்டி, ஆரம்பிச்சு வச்சது யாரு?" என்று பாய்ந்தாள் ஜெனோவா. "ரெண்டு புள்ளி முன்னால நின்னு, லட்டு மாதிரி கையில குடுத்தேன்."

"லட்டு எங்க விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும். சொல்லிக் காட்டாத" என்றாள் மெர்லின்.

ஜெனோவா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கயிற்றுக்கு அப்பால் பயிற்சியாளர் தங்கராஜ் சார் நின்றார். உள்ளே வந்து பேச அவருக்கு அனுமதி இல்லை. நான்கு விரலை விரித்துக் காட்டினார்: நான்காவது ஆள். பார்வையாளர் வரிசையிலிருந்து ஓர் ஈப்போ அம்மாள், "கடைசியா ஆடுன பிள்ளைய அனுப்பும்மா! ஜெயிச்சிரலாம் லா!" என்று கத்தினாள்.

மெர்லின் நொண்டிக்கொண்டே புள்ளிப் பலகைக்குப் போனாள். அதில் 40–38 மட்டும் இருந்தது. திரும்பி வந்தாள். மறுபடியும் போகப் பார்த்தாள்; கால் வலித்தது.

"இசக்கி, நீ என்னட்டி சொல்லுத?"

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்னைய விட்ருங்க. எனக்குத்தான் பச்சை எரியலல்லா. நான் தோத்துட்டு வந்தவ."

நடுவர் மணியின் மேல் கையை வைத்தார்.

முந்தித் தந்த ஜெனோவாவா? பின்தங்கி வந்த இசக்கியா? வென்று முடித்த ரிஸ்வானாவா? சொல்லுங்கள், இதில் யாரை அனுப்புவது சரி?

விடை: விளக்கை மறந்துவிடுங்கள். ஒவ்வொருத்தியும் உள்ளே நின்றபோது விழுந்த புள்ளிகளை மட்டும் எண்ணுங்கள். ஜெனோவா பத்து எடுத்தாள், எட்டு விட்டாள். ரிஸ்வானா பதினொன்று எடுத்தாள், அவளும் எட்டு விட்டாள். இசக்கி எடுத்தது பதினேழு, விட்டது பத்து. எட்டுப் புள்ளிப் பள்ளத்திலிருந்து ஏறி வந்தவள், விளிம்பைத் தொட ஒரு புள்ளி இருக்கும்போது முறை முடிந்து வெளியே வந்திருக்கிறாள். அவள் இறங்கும்போதே விளக்கு அந்தப் பக்கம்தான் எரிந்துகொண்டிருந்தது. அதை அங்கே அனுப்பியவள் மெர்லின். பூஜ்யத்தில் தொடங்கும் சின்னக் குடத்திலோ பள்ளமும் இல்லை, மேடும் இல்லை.

மணி அடிப்பதற்குள் மெர்லின் நடுவரிடம், "இசக்கி" என்றாள்.