புஷ்பத்தோட கேமராவுல விழாத பறவைங்க

போர்வைய இழுத்துக்க. காலை உள்ள வை. ம் கொட்டணும், தெரியுமில்ல? நீ ம் கொட்டலேன்னா அத்தை பாதியில நிறுத்திட்டுத் தூங்கிடுவேன். அப்புறம் கதையில வர்ற பொம்பளை நாளைக்கு வரைக்கும் கரை மேலயே நிப்பா, பாவம்.

ஒரு ஊர்ல ஒரு குளம். சின்னக் குளமில்ல. இந்தக் கரையில நின்னா அந்தக் கரை ஆளு எறும்பாத் தெரிவான். தண்ணிக்குள்ளயே கருவேல மரமா நிக்கும். மழை விழுந்ததும் எங்கிருந்தோ பறவைங்க வரும். கூழைக்கடா, நாரை, கொக்குன்னு மரம் தாங்காத அளவுக்கு வந்து கூடு கட்டும்.

அந்த ஊர்ல ஒரு கட்டுப்பாடு. பறவை இறங்கிட்டா யாரும் சத்தம் போடக்கூடாது. தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணத்துக்கு மேளம் கிடையாது. சாவுக்குக்கூட வாயைப் பொத்திக்கிட்டுத்தான் அழுவாங்க. பிள்ளையக் கூப்பிடணும்னா கிட்ட போய்த் தோளைத் தொடணும். பறவை ஒரு தடவை மிரண்டுச்சுன்னா திரும்பி வராது, பறவை வராத ஊருக்கு மழையும் வராதுன்னு அவங்களுக்குப் பயம். நீ அங்க பொறந்திருந்தா உன் பாடு என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாரு.

"ம்."

அந்த ஊர்ல தங்கபுஷ்பம்னு ஒருத்தி. போட்டோ எடுக்கிறதுதான் பொழப்பு. அவளுக்கு ஒரே மக, பேரு பவளம். உன் வயசுதான், உன்னை மாதிரியே ஒரு இடத்துல நிக்காது. புஷ்பத்தோட கேமரா ஒரு நாள் குளத்துல விழுந்து செத்துப்போச்சு. டவுன்ல ரிப்பேர் பண்றவர்கிட்ட குடுத்தா. அவர் பதினஞ்சு நாள் கழிச்சுத் திருப்பிக் குடுத்தாரு. உள்ள ஒரு சாமான் போயிருந்துச்சு, வேற ஒரு பழைய கேமராவுல இருந்து எடுத்து மாட்டியிருக்கேன்னாரு. அந்தப் பழைய கேமரா யாரோடதுன்னு இவ கேக்கல. கேட்டிருக்கணும்.

அப்புறம் மறுநாள் காலையில கரைக்குப் போனா. மதகுக் கல்லு மேல தினம் ஒரு மீன்கொத்தி உக்காரும். அதை எடுத்தா. க்ளிக். பின்னாடி சின்னத் திரையில பாத்தா கல்லு இருக்கு, மீன்கொத்தி இல்ல. நிமிந்து பாத்தா மீன்கொத்தி கல்லு மேலதான் இருக்கு, வாலை ஆட்டிக்கிட்டு. சரி, ரிப்பேர் சரியில்லன்னு நினைச்சுக்கிட்டா. ஆனா அடுத்த நாள் அந்தக் கல்லு காலியா இருந்துச்சு. மீன்கொத்தியக் காணோம்.

அன்னிக்கு கரையோரப் பனைமரத்து உச்சியில ஒரு பருந்து. அதை எடுத்தா. க்ளிக். படத்துல பருந்தும் இல்ல, பனையும் இல்ல. வெறும் வானம். கீழ ஓரத்துல என்னமோ படுத்துக் கிடக்கு. அடுத்த நாள் காத்தும் மழையுமா அடிச்சுது. மட மட மடன்னு அந்தப் பனை விழுந்துச்சு. படத்துல கிடந்த மாதிரியே கிடந்துச்சு.

"ம்... அத்தை, அது நாளைக்கு நடக்கிறதக் காட்டுதா?"

ஆமா. அவளுக்கும் அப்பத்தான் புரிஞ்சுது. அந்த நேரம் பாத்து பவளம் ஓடிவந்து முன்னாடி நின்னு, அம்மா என்னை ஒரு படம் எடுன்னு சிரிக்குது. புஷ்பம் கேமராவச் சட்டுனு முந்தானையில சுருட்டிக்கிட்டா. எடுத்து, அதுல பிள்ள இல்லாமப் போச்சுன்னா? எந்தத் தாய்க்கு அந்தத் தைரியம் வரும்?

அதை உள்ள வச்சுப் பூட்டியிருக்கலாம். ஆனா பயந்தவ கை சும்மா இருக்காது. சாயங்காலம் மூணாவது தடவையா கரைக்குப் போய்க் குளத்து மரத்தையெல்லாம் சேத்து எடுத்தா. க்ளிக். மரம் பூரா காலி. வானம் பூரா பறவை, கருகருன்னு ஓடுது. படத்து ஓரத்துல ஒரு கை மட்டும் தெரியுது. கையில வட்டமா ஏதோ சாமான். யாரு கைன்னு தெரியல.

யாரோ நாளைக்கு நம்ம பறவைய விரட்டப் போறாங்கன்னு நினைச்சா. விட மாட்டேன்னு விடியும்போதே போய்க் கரையில உக்காந்துட்டா. ஹாரன் அடிச்சுக்கிட்டு வந்த வண்டியத் திருப்பி அனுப்பினா. ரேடியோ வச்சிருந்த ஆட்டுக்காரர்கிட்ட கெஞ்சி அணைக்கச் சொன்னா. மூணாவதா வெளியூர்ப் பாத்திரக்காரர் ஒருத்தர் சைக்கிள்ல, டங் டங்னு பித்தளைத் தட்டைத் தட்டிக்கிட்டு வந்தாரு. அவர் குளத்தை நெருங்குறதுக்குள்ள ஒரே ஓட்டமா ஓடித் தட்டையும் கட்டையையும் பிடுங்கிக்கிட்டா. ஊரைத் தாண்டிப் போங்க, பொழுது சாய வந்து வாங்கிக்கோங்கன்னு அனுப்பிட்டா. அப்பாடான்னு மடியில தட்டை வச்சுக்கிட்டு உக்காந்தா.

அப்போ அவ காலுக்குக் கீழ ஒரு சத்தம். குளு குளு குளு.

எட்டிப் பாத்தா கரையோட அந்தப் பக்கம், வயல் பக்கம், நண்டு வளை ஒண்ணுல இருந்து செந்தண்ணி வருது. முதல்ல விரல் தடி. பாத்துக்கிட்டு இருக்கும்போதே கை தடி. கரை உடையப் போகுது. கீழ வயல்ல நாப்பது பொம்பளைங்க குனிஞ்சு நாத்து நடுறாங்க. வரப்புல பவளம் நண்டு பிடிச்சுக்கிட்டு இருக்கு.

"ம்."

ஓடிப் போய்த் தோளைத் தொட நேரமில்ல. கத்தலாம்னு வாயைத் திறந்தா. வரல. பொறந்ததுல இருந்து அடக்கி அடக்கிப் பழகின தொண்டை, காத்துதான் வருது. கையை ஆட்டினா. எல்லாரும் குனிஞ்சிருக்காங்க, யாரு பாக்கப் போறாங்க? மடியில தட்டு. திரும்பி மரத்தைப் பாத்தா. கூடு நிறைய குஞ்சு, வாயைத் திறந்துக்கிட்டு.

தட்டைத் தூக்கினா. தூக்கின பிறகுதான் தெரிஞ்சுது, படத்துல இருந்தது அவ கைதான்னு.

டங். ஒருத்தரும் நிமிரல. நம்ம ஊர்ல சத்தமான்னு அவங்க காதையே அவங்க நம்பல. டங். சட சட சடன்னு மரமெல்லாம் எழும்பிச்சு, வானம் இருட்டிப்போச்சு. டங். அப்போ நிமிந்தாங்க. பறவையப் பாத்தாங்க, கரையப் பாத்தாங்க, மேட்டுக்கு ஓடினாங்க. யாரோ ஒருத்தி பவளத்தை இடுப்புல அள்ளிக்கிட்டா. மடார்னு கரை உடைஞ்சு, அவங்க நின்ன இடமெல்லாம் தண்ணி.

மேட்டுல தலைய எண்ணினாங்க. ஒண்ணும் குறையல.

மூட்டை மூட்டையா மண்ணப் போட்டு உடைப்பை அடைச்சாங்க. பாதித் தண்ணி நின்னுச்சு. அப்புறம் ஊரே கரையில வந்து நின்னுச்சு. மரத்துல ஒரு பெரிய பறவைகூட இல்ல. குஞ்சுங்க மட்டும் கீ கீன்னு கத்துது. மூணு குஞ்சு தண்ணியில விழுந்து செத்துப்போச்சு, நான் பொய் சொல்ல மாட்டேன். புஷ்பத்தை யாரும் திட்டல. அதுதான் அவளால தாங்க முடியல.

கடைசியா கேமராவ எடுத்தா. காலி மரத்தை எடுத்தா. க்ளிக். திரையப் பாக்கத் தைரியமில்ல, கண்ண மூடிக்கிட்டு மககிட்ட நீட்டினா.

பவளம் பாத்துட்டுக் கிட்ட வந்து, தோளைத் தொட்டு, காதுல மெதுவாச் சொல்லுச்சு. "அம்மா, மரமெல்லாம் வெள்ளையாப் பூத்திருக்கு."

கருவேலம் மஞ்சளாத்தானே பூக்கும், என்னிக்கு வெள்ளையாப் பூத்துச்சு? ஊரே அங்கயே காத்துக்கிட்டு இருந்துச்சு. விடியக் காலையில வெள்ளையா ஒரு கொக்கு வந்து இறங்குச்சு. அப்புறம் ரெண்டு. அப்புறம் எண்ண முடியல.

அந்தத் தட்டு இப்பவும் மதகுல தொங்குது. பாத்திரக்காரர் வேண்டாம்னு விட்டுட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் யாரும் அதைத் தட்டல. ஆனா நாத்து நடப் போறவங்க ஒரு தடவை நிமிந்து, அது தொங்குதான்னு பாத்துட்டுத்தான் குனிவாங்க.

ம் சொல்லு.

சொல்லலியா? சரி. பறவை கூட்டுல, கதை உன் கண்ணுக்குள்ள. தூங்கு.