செய்தி வாசிக்கும் மகளுக்கு ஒரு ஸ்பீக்கர்

மடத்தில் கோமதி அம்மாவிடம் வருகிறவர்கள் முக்தி எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள். சொர்ணலிங்கம் மட்டும், "டிவிக்குச் சவுண்ட்பார் வாங்கட்டுமா, உஃபர் வாங்கட்டுமா?" என்று கேட்டார்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "இதெல்லாம் அம்மாகிட்டக் கேக்குற கேள்வியா? கடையில போய்க் கேளும்" என்றார் ஒருவர்.

"கடைக்காரன் விலையைச் சொல்லுவான். எனக்கு எது ஆகும்னு சொல்லுவானா?"

அம்மா சிரிக்கவில்லை.

சங்கரன்கோவிலுக்கு வெளியே, தகரக் கூரை போட்ட சின்ன மடம் அது. அம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சொர்ணலிங்கம் நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மில் இரைச்சலில் கத்திப் பேசிப் பழகியவர், மடத்திலும் கத்தித்தான் பேசுவார். சீடர்தான், ஆனால் வயதில் மூத்தவர். அதனால் அம்மா அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"எதுக்கு அண்ணாச்சி ஸ்பீக்கர்?"

"டிவியில சத்தம் பத்தல அம்மா."

"கூட்டி வைங்க."

"கூட்டுனா இரையுது. குறைச்சா முணுமுணுங்குது. என்ன பேசுதான்னே தெரியல."

"யாரு பேசுதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "செண்பகம்."

செண்பகம் அவர் மகள். சென்னையில் ஒரு டிவியில் சாயங்காலச் செய்தி வாசிக்கிறாள். ஊருக்கே முகத்தைக் காட்டுகிற வேலை வேண்டாம் என்று இவர் தடுத்தார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. தாயோடு மட்டும் போனில் பேசுவாள். இவர் வீட்டுக்குள் நுழைந்தால் போன் சமையலறைக்குப் போய்விடும். டிவியே வீட்டுக்கு ஆகாது என்றிருந்த மனுஷன், அவள் முகம் திரையில் வந்ததும் ஓடிப்போய் டிவி வாங்கினார்.

ஒரு போன் போட்டால் முடிந்துவிடும். அதை அவரிடம் சொல்லிப் பார்த்தவர்கள் எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

"வணக்கம்னு கும்பிடுவா. நானும் கும்பிடுவேன். ஆனா அந்த வணக்கத்தை ஒருநாளும் சரியாக் கேட்டதில்ல. மியூசிக் அமுக்கிருது."

"அவகிட்டக் கடைசியா என்ன சொன்னிய?"

சொர்ணலிங்கம் தரையைப் பார்த்தபடி சொன்னார். "இனிமே உன் சத்தமே என் காதுல விழக் கூடாதுன்னேன்."

"அப்பம் டிவி உங்க பேச்சைத் தட்டல."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அம்மா எழுந்து செருப்பை மாட்டினார். "வாங்க, கடைக்குப் போவோம்."

கடையில் இருந்த தம்பி, என்ன டிவி என்று விசாரித்தான். "ஒல்லி டிவியா? அதுல ஸ்பீக்கர் பின்பக்கம் இருக்கும் அண்ணாச்சி. சுவரைப் பாத்துத்தான் பேசும்."

"இத்தன நாளும் சுவரைப் பாத்தா பேசிக்கிட்டு இருந்தா?"

தம்பிக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. அம்மா சொன்னபடி, செண்பகம் வாசித்த பழைய செய்தி ஒன்றை யூடியூபில் தேடிப் போட்டான். அணை நிலவரம். கனத்த சத்தம் தரும் உஃபரைத் தட்டியதும் மேஜை அதிர்ந்தது.

"நிறுத்துடே! என் மவளுக்கு மீசை முளைச்ச மாதிரில்லா இருக்கு."

தம்பி சவுண்ட்பாருக்கு மாற்றினான். "இதைக் கேளுங்க. வீடே தியேட்டர் ஆயிரும்."

"எனக்குத் தியேட்டர் எதுக்கு? வீடு போதும்."

"அப்போ அஞ்சு ஸ்பீக்கர் செட்டு இருக்கு. நாலு பக்கமிருந்தும் குரல் வரும்."

"அவ ஒருத்திதானடே. நாலு பக்கமிருந்து எப்படி வருவா?"

தம்பி களைத்துப்போய் அம்மாவிடம் திரும்பினான். "நீங்களாவது சொல்லுங்கம்மா. எதை எடுக்க?" சொர்ணலிங்கமும் அம்மா முகத்தையே பார்த்தார்.

"எதுல அவ வாராளோ, அதை எடுங்க."

கடை மூலையில் இரண்டு சின்ன மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் தூசி படிந்து கிடந்தன. வீடு அதிராது, அதனால் யாரும் வாங்குவதில்லை என்றான் தம்பி. டிவிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்து ஒயரை மாட்டினான்.

"வணக்கம்" என்றாள் செண்பகம்.

சொர்ணலிங்கத்தின் கைகள் தானாகக் கும்பிட்டன. அதற்குப் பிறகு அவர் எதற்கும் கத்தவில்லை. அணைகள் முடிந்து, விளையாட்டுச் செய்தி முடிந்து, விளம்பரம் வந்த பிறகும் கை இறங்கவில்லை.

"பில் போடுங்க தம்பி" என்றார் அம்மா.

ஒரு வாரம் கழித்து சொர்ணலிங்கம் மடத்துக்கு வந்தார். கையில் ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டி. உள்ளே ஸ்பீக்கர்.

"திருப்பிக் கொடுத்திரலாம் அம்மா."

"ஏன், கேக்கலியா?"

"எல்லாம் கேக்கு."

"அதுக்குத்தான வாங்குனிய?"

"இவ்வளவு கேக்கும்னு நினைக்கல. தாளைப் புரட்டுதது கேக்கு. மூச்சு இழுக்கது கேக்கு. முந்தாநாள் தொண்டையைச் செருமுனா. நேத்து இருமல். அடக்கிக்கிட்டு வாசிக்கா. மூக்கு அடைச்சுப் போச்சு அவளுக்கு. வணக்கம்னு வரல, வடக்கம்னு வருது."

சொர்ணலிங்கம் பெட்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சின்னப் பிள்ளையிலயும் இப்படித்தான். சளி பிடிச்சிட்டா அம்மான்னு கூப்பிட வராது. அப்பான்னுதான் விழும். என் வீட்டுக்காரி, உங்களத்தான் கூப்பிடுதான்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிடுவா. நான்தான் எந்திரிச்சுப் போவேன். என்னையக் கூப்பிடலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போவேன்."

மேஸ்திரி இவ்வளவு மெதுவாகப் பேசி அந்த மடத்தில் யாரும் கேட்டதில்லை.

"அங்க அவளுக்கு ஒரு வெந்நி வச்சுக் கொடுக்க யாரு இருக்கா? தூக்கம் வரல அம்மா. பழைய சத்தமே தேவல. ஒண்ணும் தெரியாம இருந்தேன். அந்தத் தம்பிகிட்டச் சொல்லி, கொஞ்சம் மட்டமானதா ஒண்ணு மாத்திக்கிடட்டுமா?"

அம்மா அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தார்.

"இருமலுக்கு ஸ்பீக்கரையா மாத்துவாவ, அண்ணாச்சி?"