குழந்தை முழத்தில் ஒரு மண்டபம்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்க வேண்டாம், ஓர் அரண்மனையில் ராஜாவின் சிரிப்புக்கு விலை வைத்திருந்தார்கள். புன்னகைத்தால் ஒரு தட்டு வெற்றிலை. வாய்விட்டுச் சிரித்தால் பட்டுச் சால்வை. கண்ணில் நீர் வரச் சிரித்தால் பொற்கிழி. அந்தச் சந்தையில் ஒரே வியாபாரி, விகடகவி சாத்தப்பன்.

மிளகுக் கடைக்காரர் மகன் அவன். பேரச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவன். ஆனால் அரண்மனைக்கு அவன் வந்தது கட்டடக்கலை படிக்க. பெருந்தச்சர் விசாகப் பெருமாளிடம் சேர வந்த அன்று, வாசல் காவலனிடம் ஏதோ வேடிக்கையாகச் சொல்லப்போக, அந்தப் பக்கம் வந்த ராஜா கேட்டுச் சிரித்துவிட்டார். அப்படியே அழைத்துப்போய்ச் சபையில் உட்கார வைத்தார்கள். தலை பாதி நரைத்த பிறகும் எழுந்திருக்க விடவில்லை. போகிற வருகிற போதெல்லாம் தூண்களைத் தடவிப் பார்ப்பான், உத்தரங்களை அண்ணாந்து பார்ப்பான். விசாகருக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதன் வந்து, தங்கள் மன்னர் நூறு முழ நீளத்தில் மண்டபம் கட்டியிருப்பதாகப் பெருமையடித்துவிட்டுப் போனான். ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

“நமக்கும் நூறு முழ மண்டபம் வேண்டும். குளத்துக்கும் யானைக் கொட்டிலுக்கும் நடுவில் கட்டுங்கள். குளத்தைத் தூர்க்கக் கூடாது, ராணி கோபித்துக்கொள்வாள். கொட்டிலை இடிக்கக் கூடாது, பட்டத்து யானை கோபித்துக்கொள்ளும்.”

அந்த இடம் நாற்பது முழம்தான். முடியாது என்று சொன்னால் விசாகருக்குப் பதவி போகும். சட்டென்று கைகூப்பினார்.

“மன்னர் பெருமானே, நம் விகடகவிக்குக் கட்டடத்தில் ஆசை அதிகம். இந்தப் பணியை அவருக்கே அருள வேண்டும். செய்து காட்டினால் பெருந்தச்சர் பதவிக்கு அடையாளமான என் முழக்கோலையே கொடுத்துவிடுகிறேன். தோற்றால் நாட்டை விட்டுப் போகட்டும்.”

“சம்மதமா, சாத்தப்பா?”

பொறி என்று தெரிந்தது. ஆனால் முழக்கோல் என்ற சொல் காதில் விழுந்ததும் அவனுக்கு வேறெதுவும் கேட்கவில்லை. “உத்தரவு” என்றான்.

மறுநாள் மனைவி உண்ணாமலை கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, இவன் மறு முனையோடு நடந்து, சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டான். குளக்கரை வந்ததும் நின்றான்.

“இங்க சுவரே வேணாம், உண்ணாமலை. படியில போய் முடிஞ்சிடணும். உள்ள உக்காந்தா தண்ணிதான் மண்டபத்தோட மிச்சம். அக்கரை தோப்பு வரைக்கும் கண்ணு போகும். நூறு முழம் என்ன, ஆயிரம் முழம் கட்டினாலும் இந்தக் காத்து கிடைக்காது.”

அவள் கோட்டுக்குள் வந்து உட்கார்ந்து பார்த்தாள்.

“இதை அப்படியே ராஜாகிட்ட சொல்லுங்க. அவரைச் சிரிக்க மட்டும் வெச்சிடாதீங்க.”

“சே சே.”

அப்படிச் சொன்னவன்தான் சபைக்குக் கிளம்பும்போது இடுப்பில் ஒரு குச்சியையும் செருகிக்கொண்டான். நல்ல சரக்கு விலைபோகாவிட்டால் இருக்கட்டும் என்று மலிவுச் சரக்கையும் மூட்டைக்குள் வைப்பது கடைக்கார ரத்தம்.

சபை நிரம்பியிருந்தது. விசாகர் விடவில்லை.

“என்ன விகடகவியாரே, குளத்தைக் குடித்தீரா, கொட்டிலை விழுங்கினீரா?”

சபை சிரித்தது. ராஜாவின் மீசை நுனியும் லேசாகத் துடித்தது. வாங்க வந்தவன் கை மடிப்பக்கம் போவதைப் பார்த்துவிட்டால் கடைக்காரனுக்கு எப்படி இருக்கும்? நெஞ்சு நிறைய வைத்திருந்த குளத்துக்காற்று உள்ளேயே நின்றுவிட்டது. கை தானாக இடுப்புக்குப் போனது.

“அளந்துவிட்டேன், மன்னர் பெருமானே. நூறு முழம் தாராளமாக அடங்குகிறது. படிகளுக்குக்கூட இடம் மிச்சம்.”

“எந்தக் கோலால் அளந்தீர்?” என்று சீறினார் விசாகர்.

“தங்கள் மரபுப்படிதான், பெருந்தச்சரே. எஜமானரின் முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை அளந்துதானே கோல் வெட்டுவீர்கள்? இந்த அரண்மனையில் யார் அழுதால் மன்னரே ஓடுகிறார்? யார் தூங்கினால் முரசு நிற்கிறது? அந்த எஜமானரின் கையைத் தொட்டிலில் அளந்து வெட்டிய கோல் இது!”

சாண் அளவுகூட இல்லாத குச்சியைத் தூக்கிக் காட்டினான். இளவரசர் பிறந்து ஆறு மாதம். அவர் கையில் மூன்று முழம் அளந்தால்தான் அப்பாவின் ஒரு முழம்.

ராஜா சிரித்தார். சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“பக்கத்து நாட்டுக்கு ஆள் அனுப்புங்கள்! நம் மண்டபமும் நூறு முழம், படிகள் தனி! கொண்டு வா பொற்கிழியை!”

கிழி மடியில் விழுந்ததும்தான் சாத்தப்பனுக்குச் சுரீரென்றது.

“மன்னர் பெருமானே, விகடம் ஒருபுறம் இருக்கட்டும். உண்மையாகவே ஒரு யோசனை உண்டு. குளத்துப் பக்கம் சுவரே இல்லாமல்...”

“சுவர் இல்லாத மண்டபமா!” ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “போதுமப்பா, விலா வலிக்கிறது!”

“இல்லை, மன்னா, காற்று...”

“காற்றால் சுவரா! அடேயப்பா!” சபையே உருண்டது.

சிரிப்பு ஓய்ந்த பிறகு, சாத்தப்பன் மெல்ல முழக்கோலைக் கேட்டான்.

“உன்னைச் செங்கல்லுக்குக் கொடுத்துவிட்டு நான் யாரைப் பார்த்துச் சிரிப்பது? கோல் விசாகரிடமே இருக்கட்டும். இந்தா, என் தோள் சால்வை!”

வீட்டுக்கு வந்தவனை உண்ணாமலை ஒரு பார்வை பார்த்தாள். சால்வையை வாங்கி, மற்றச் சால்வைகளோடு மடித்து வைத்தாள்.

விசாகர் அந்தக் குச்சியை வைத்தே நூறு முழம் கட்டினார். நாலு பக்கமும் சுவர், குளத்துப் பக்கம் இன்னும் உயரமாக. உள்ளே புழுக்கம். ராஜா இரண்டாம் முறை அங்கே போகவில்லை.

சாத்தப்பன் மட்டும் எப்போதாவது போவான். சுவருக்கு அப்பால் தண்ணீர் அலையும் சத்தம் கேட்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்ப்பான். வரவு, ஒரு பெட்டி சால்வை. செலவு, குளம் பார்த்த மண்டபம் ஒன்று. பாக்கியை ராஜா பேரில் எழுதிவிட ஆசைதான். ஆனால் இவன் காட்டிய சரக்கைத்தானே அவர் வாங்கினார்? தன் பேரிலேயே பற்று எழுதிக்கொண்டான். அந்தக் கடன் கடைசிவரை அடையவில்லை.