வெள்ளைப் பெயின்ட் அடித்த ஹெல்மெட்

"மேடம், என் வில்லன் கெட்டவனாவே இருக்கமாட்டேங்கறான்."

வர்த்தினி மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. எடிட்டிங் திரையில் யாரோ ஒரு கதாநாயகன் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தான். அவனை நடுப்படியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நல்லவனா இருக்கானா?"

"அதுவும் இல்லை. அழுதுட்டே இருக்கான்."

"உட்காருங்க இன்னாசி."

இன்னாசிமுத்து உட்கார்ந்தான்.

அவனுக்கு வயது நாற்பத்தாறு, மேடத்துக்கு நாற்பத்தொன்று. எட்டு வருஷம் இதே அறையில் அவருக்கு உதவியாளாக இருந்து படத்தொகுப்பு கற்றவன். இப்போது அவனே ஒரு படத்துக்கு இயக்குநர். இருந்தும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான். சினிமாவில் வயது ஒரு பக்கம், குரு ஒரு பக்கம்.

"எந்த வில்லன்?"

"கருங்கவசர் தளபதி மேடம்."

அது போதும். தமிழ்நாட்டில் அந்தப் பெயரைத் திட்டாத வீடு கிடையாது. 'செங்கோள்' என்று ஒரு தொலைக்காட்சித் தொடர், ஆறு வருஷம், ஞாயிறுதோறும் காலை. செவ்வாய்க் கிரகத்தில் வெண்கோட்டை என்று ஒரு நகரம். கருங்கவசர் என்று ஒரு படை. கடைசியில் அந்தப் படை வெண்கோட்டையின் தண்ணீர்த் தொட்டியை வெடி வைத்துத் தகர்க்கும். நாலாயிரம் பேர் சாவார்கள். தளபதி வாய்விட்டுச் சிரிப்பான்.

அதே கதையைக் கருங்கவசர் பக்கத்திலிருந்து சொன்னால் எப்படி இருக்கும் என்று ஒரு தயாரிப்பாளருக்குத் தோன்றியது. அந்தத் தொடரில் உதவி இயக்குநராக இருந்த இன்னாசிக்குப் படம் கிடைத்தது.

"படம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஆனா கோதண்டபாணி சார் டப்பிங்ல பாதியில எந்திரிச்சுப் போயிட்டார்."

தொடரிலும் சரி, படத்திலும் சரி, தளபதி என்றால் கோதண்டபாணிதான்.

"ஏன் போனார்?"

"தொட்டியை உடைச்சதுக்கு அப்புறம் மூணு பக்க வசனம் வச்சிருக்கேன். நான் ஏன் இதைச் செஞ்சேன்னு. அதைப் பேசமாட்டாராம்."

"என்ன சொன்னார்?"

இன்னாசி சொல்லத் தயங்கினான். பிறகு அப்படியே ஒப்பித்தான்.

"'ஆறு வருஷம் இவனா நடிச்சேன் தம்பி. பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா என்னைப் பார்த்து செருப்பைக் கழட்டினாங்க. அப்பக்கூட இவன் யாருன்னு எனக்குத் தெரியும். இந்த மூணு பக்கத்தைப் பேசிப் பார்த்தப்புறம் தெரியல'ன்னார்."

மேடம் முதல் தடவையாகத் திரும்பி அவனைப் பார்த்தார்.

"எப்ப வரைக்கும் நேரம்?"

"சனிக்கிழமை. அதுக்குள்ள அவர் பேசலைன்னா படத்தை வேற ஆள்கிட்ட கொடுத்துருவாங்க. எனக்கு பயமா இருக்கு மேடம். இந்த வயசுல இன்னொரு முதல் படம் யாரும் எனக்குத் தரப்போறதில்லை."

அன்று வியாழன்.

"போடுங்க, பார்ப்போம்," என்றார் மேடம்.

.

இரண்டு மணி நேரம் ஓடியது.

மேடம் அசையவில்லை. இன்னாசி படத்தைப் பார்க்காமல் மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்றும் தெரியவில்லை. எட்டு வருஷமாகவே தெரிந்ததில்லை.

படம் முடிந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தளபதிகிட்ட ஒரு இயந்திர நாய் இருக்கே. அதுக்குப் பேர் என்ன?"

"குட்டான் மேடம்."

"நல்ல பேர். தொட்டி உடைஞ்சு நாலாயிரம் பேர் சாகறாங்களே. அதுல ஒருத்தர் பேர் சொல்லுங்க."



"மேடம், இது தளபதி பார்வையில எடுத்த படம். செத்தவங்க பேர் அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அவனுக்குத் தெரியாது. உங்களுக்கு?"

இன்னாசிக்குச் சுருக்கென்றது. தரையைப் பார்த்தான்.

"சரி, அதை விடுங்க. தொடர்ல ஹெல்மெட் போட்டிருந்தது யாரு?"

"கருங்கவசர். ஒருத்தன் முகமும் தெரியாது. சுடச் சுட விழுந்துக்கிட்டே இருப்பாங்க."

"ஏன் முகம் தெரியாது?"

இது அவனுக்குத் தெரிந்த சங்கதி. சட்டென்று தெம்பு வந்துவிட்டது.

"மொத்தமே எட்டு துணை நடிகர்கள்தான் மேடம். அவங்களையே திருப்பித் திருப்பிச் சாகடிக்கணும். முகம் தெரிஞ்சா மாட்டிக்குவோம். பேக்கப் சொல்ற வரைக்கும் ஹெல்மெட்டைக் கழட்டக் கூடாதுன்னு செட்டுல ஒரு சட்டமே உண்டு. சடையாண்டின்னு ஒரு அண்ணன். அவர் மட்டும் முப்பத்தொரு தடவை செத்திருக்கார்."

"இப்ப உங்க படத்துல?"

"இப்ப கருங்கவசருக்கெல்லாம் முகம் உண்டு மேடம். அதே எட்டு பேர். சடையாண்டி அண்ணனுக்கு ஒரு சீனே வச்சிருக்கேன். தளபதி பக்கத்துல உட்கார்ந்து தன் மகளைப் பத்திப் பேசுவார். படப்பிடிப்புல எல்லாரும் குலுங்கிக் குலுங்கி அழுதாங்க."

"நானும் பார்த்தேன். நல்லாப் பேசினார். அப்ப வெண்கோட்டைப் படையில யாரு?"

"அதுவும் அவங்கதான். ஆள் பத்தலையே. ஹெல்மெட்டை மாட்டி அந்தப் பக்கம் நிக்க வச்சுட்டோம்."

"எந்த ஹெல்மெட்?"

"பழைய ஹெல்மெட்டுதான்."

"அது கறுப்பாச்சே?"

"வெள்ளைப் பெயின்ட் அடிச்சோம் மேடம்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. அறையில் ஏ.சி. இரைந்துகொண்டிருந்தது. மேடம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இன்னாசி நினைத்தான்.

"நான் என்ன பண்ணணும் மேடம்?"

"ஓகே பண்ணினதை எல்லாம் பார்த்துட்டேன். வேண்டாம்னு ஒதுக்கினதை நாளைக்குக் காலையில கொண்டு வாங்க."

"என்.ஜி. டேக்கா? அது வெறும் குப்பை மேடம்."

"குப்பையைக் கொண்டு வாங்க."

.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்குக் குப்பை வந்து சேர்ந்தது. நூற்று முப்பத்தெட்டு டேக்.

என்.ஜி. பார்ப்பது இயக்குநருக்குத் தண்டனை. நடிகர் செய்த தப்பு ஒரு பங்கு என்றால், பின்னால் இயக்குநர் கத்திய கத்தல் ஒன்பது பங்கு அதில் பதிவாகியிருக்கும். இன்னாசி தன் குரலையே கேட்டுக் கேட்டுக் கூனிக் குறுகிப்போனான்.

"இவ்வளவு கத்துவீங்களா?" என்றார் மேடம், நாற்பதாவது டேக்கில்.

"வெயில் மேடம்," என்றான் அவன்.

மதியச் சாப்பாடு முடிந்தது. தொண்ணூறு, நூறு, நூற்றுப்பத்து. ஒருவன் தடுக்கி விழுந்தான். ஒருவன் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. இன்னாசிக்குக் கண் சொக்கியது.

"இது என்ன?"

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

திரையில் உடைந்த தொட்டியின் அடிவாரம். புகை. தளபதி சுடுகிறான். வெள்ளை ஹெல்மெட் போட்ட ஒரு வெண்கோட்டை வீரன் மல்லாந்து விழுகிறான். விழுந்த வேகத்தில் ஹெல்மெட் வார் அறுந்து தெறித்துப்போகிறது.

சடையாண்டியின் முகம்.

"ஐயோ, அதுவா! வார் சரியாத் தைக்கலை மேடம். நான் திரும்பி உடைக்காரரைப் பிடிச்சு ஏறிட்டேன். கட் சொல்லவே மறந்துட்டேன்."

"தெரியுது. ஓடிக்கிட்டே இருக்கு."

கட் என்ற சொல் காதில் விழாதவரை சடையாண்டி உயிரோடு வரமாட்டார். அது அவருடைய தொழில் சுத்தம். முகம் வெளியே தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் கண் திறந்தபடி கிடந்தார். இமை ஆடவில்லை. ஒரு ஈ வந்து கன்னத்தில் உட்கார்ந்தது. அதற்கும் ஆடவில்லை.

கோதண்டபாணி துப்பாக்கியோடு நின்றார். அவருக்கும் யாரும் கட் சொல்லவில்லை. அவர் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். மறுபடி அந்த முகத்தையே பார்த்தார். கையிலிருந்த துப்பாக்கி மெல்ல இறங்கியது. பேச வேண்டிய மூன்று பக்கமும் மறந்து வாய் லேசாகத் திறந்திருந்தது.

இருபது விநாடி. முப்பது. பின்னால் இன்னாசியின் குரல் மட்டும் யாரையோ வசைபாடிக்கொண்டிருந்தது.

மேடம் சத்தத்தை அணைத்தார். அந்த முப்பது விநாடியை எடுத்து, படத்தில் மூன்று பக்க வசனம் இருந்த இடத்தில் வைத்தார். வசனத்தைத் தூக்கி வெளியே போட்டார். எல்லாம் ஒரு நிமிஷ வேலை.

இன்னாசிக்குப் பதறியது.

"மேடம், வேண்டாம் மேடம். ஜனங்க கண்டுபிடிச்சிருவாங்க."

"என்னன்னு?"

"அவர் கருங்கவசர் ஆளு. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடிதான் தளபதி பக்கத்துல உட்கார்ந்து மகளைப் பத்திப் பேசினவர். நம்மாளு எதிரிப் படையில எப்படிடா செத்துக் கிடக்கான்னு தியேட்டர்ல கேப்பாங்க."

மேடம் படத்தை நிறுத்தினார். திரையில் தளபதி, கீழே கிடக்கும் முகத்தைக் குனிந்து பார்த்தபடி நின்றான்.

"அதைத்தான் அவனும் கேக்கறான்," என்றார்.

.

இன்னாசிக்கு வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. மேடம் தன் பழைய கதாநாயகனைத் திரைக்குக் கொண்டுவந்து படிக்கட்டில் இறக்கிவிட ஆரம்பித்துவிட்டார்.

இன்னாசி வெளியே வந்து, செருப்பைக்கூட மாட்டாமல், கோதண்டபாணிக்குப் போன் போட்டான்.

"சார், நாளைக்கு டப்பிங்குக்கு வர முடியுமா?"

"அந்த மூணு பக்கத்தைப் பேசமாட்டேன்னு சொல்லிட்டேனே தம்பி."

"அது இப்ப இல்லை சார். எடுத்தாச்சு."

"பின்ன அந்த இடத்துல நான் என்னதான் பேசறது?"

"ஒண்ணும் பேச வேண்டாம். மூச்சு மட்டும் விட்டாப் போதும். ஹெல்மெட் தெறிச்சு சடையாண்டி அண்ணன் முகம் தெரிஞ்ச டேக் ஒண்ணு... அதை வச்சிருக்கோம்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இன்னாசி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். அறுந்திருக்கவில்லை.

"அன்னிக்கு அந்தாளு எந்திரிச்சு உட்கார்ற வரைக்கும் என் உசிரு என்கிட்ட இல்லை தம்பி," என்றார் கோதண்டபாணி. "எத்தனை மணிக்கு வரணும்?"